நாகர்கோவிலிலும் சுற்றூர்களிலும் கட்டணமின்றிக் கற்பது எப்படி? கேள்வி பதில்

பள்ளியைப் பாதியில் விட்டவர்கள், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள், வீட்டில் பெரியவர்களை வைத்துக்கொண்டு வழி தேடுகிறவர்கள் எனப் பலர் அனுப்பிய கேள்விகளைச் சுருக்கி, ஒரே பொருளைத் தொட்டவற்றை ஒன்றாக்கி, இங்கே விடையளித்திருக்கிறேன். கேட்டவர்களின் ஊரை மட்டும் குறித்துள்ளேன். பணம் கட்ட வேண்டிய இடத்தில் கட்ட வேண்டும் என்றே எழுதியிருக்கிறேன்; குறைந்த கட்டணத்தை இலவசம் என்று சொல்லி யாரையும் அலையவிட விரும்பவில்லை.

கோட்டாறு: ஐயா, என் மாமியாருக்கு 58 வயது. பெயரை மட்டும் எழுதத் தெரியும். பேருந்துப் பலகையை வாசிக்கத் தெரியாது. வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார். எங்கே அனுப்பலாம்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் எழுத்தறிவு பெற்றவர்கள் 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டிலேயே முதலிடம். இந்தப் பெருமைதான் உங்கள் மாமியாரைப் போன்றவர்களுக்குச் சுமையாகவும் ஆகிவிட்டது. எல்லாருக்கும் எழுதப் படிக்கத் தெரியும் என்று ஊரே நம்பிக்கொண்டிருக்கும்போது, தெரியாதவர் வாய் திறப்பதில்லை. ஆனால் கணக்கைத் திருப்பிப் பார்த்தால் நூற்றுக்கு எட்டுப் பேர் வருகிறார்கள். உங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு பேராவது இருப்பார்கள்.

இவர்களுக்காகவே புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022 முதல் 2027 வரையிலான காலத்துக்கு நடைமுறையில் உள்ளது. 15 வயது நிறைந்த எவரும் சேரலாம். மேல் வயது வரம்பு கிடையாது. ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் பள்ளிசாரா மற்றும் வயதுவந்தோர் கல்வி இயக்ககம் இதை நடத்துகிறது. அலுவலகம் தேடி அலைய வேண்டாம். வீட்டுக்கு அருகிலுள்ள அரசுப் பள்ளியின் தலைமையாசிரியரைப் பார்த்துப் பெயரைப் பதிந்தால் போதும். தன்னார்வலர் ஒருவர், கற்போருக்கு ஒத்துவரும் நேரத்தில், ஏறத்தாழ 200 மணி நேரப் பாடத்தை நடத்துவார். முடிவில் வாசிப்பு, எழுத்து, எண்ணறிவு ஆகிய மூன்றுக்கும் தலா 50 என 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வு நடைபெறும். தேறியவர்களுக்குச் சான்றிதழ் உண்டு.

வகுப்பு தொடங்கும்வரை நீங்களே வீட்டில் தொடங்கலாம். அ, ஆ என்று வரிசையாகப் போனால் பெரியவர்கள் இரண்டு வாரத்தில் சலித்துப்போவார்கள். வடசேரி பேருந்து நிலையத்தில் அவர் தேடும் பலகைகளிலிருந்து தொடங்குங்கள். தக்கலை, கருங்கல், குலசேகரம் என்று மூன்று ஊர்ப் பெயர்களைப் பெரிதாக எழுதிக்கொடுத்து, மூன்றிலும் ‘க’ எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு குடும்ப அட்டையில் உள்ள பெயர்கள், மாத்திரை வாங்கும் சீட்டில் ‘காலை’, ‘இரவு’ என்ற சொற்கள் என்று போகலாம். பேரப்பிள்ளைகளை ஆசிரியராக்குவது சில வீடுகளில் நன்றாக நடக்கிறது. சில வீடுகளில் சண்டையில் முடிகிறது. அது உங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பொறுத்தது.

களியக்காவிளை: நான் மலையாள வழியில் படித்தவன். தமிழ் சரளமாகப் பேசுவேன், வாசிக்கத் திணறுகிறேன். 60 வயதில் தொடங்கலாமா?

தாராளமாகத் தொடங்கலாம், உங்களுக்குப் பாதி வழி ஏற்கெனவே முடிந்துவிட்டது. ழ, ள, ற ஆகியவற்றின் ஒலி உங்களுக்குப் புதிதன்று. எகரக் குறி எழுத்துக்கு முன்னால் நிற்பதும் கால் பின்னால் வருவதும் மலையாளத்திலும் உள்ளவைதாம். தடுமாறச் செய்வது வேறொன்று. மலையாளத்தில் க வரிசைக்கு நான்கு எழுத்துகள்; தமிழில் ஒன்றே. ‘கடல்’ என்பதில் வரும் க-வையும் ‘தங்கம்’ என்பதில் வரும் க-வையும் ஒலித்துப் பாருங்கள். சொல்லில் நிற்கும் இடத்தைக் கொண்டே ஒலி மாறுகிறது. ச, ட, த, ப ஆகியவற்றுக்கும் ஏறக்குறைய இதே வழக்கம்தான். நீங்கள் தமிழ் பேசுகிறவர் என்பதால் சொல் பிடிபட்டவுடன் ஒலி தானாக வந்துவிடும். முதல் மூன்று வகுப்புத் தமிழ்ப் பாடநூல்களை அரசின் பாடநூல் இணையதளத்திலிருந்து கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைப் பயன்படுத்தவும் கட்டணமில்லை. நாளும் செய்தித்தாளின் தலைப்புகளை வாய்விட்டு வாசியுங்கள்.

ஒழுகினசேரி: ஒன்பதாம் வகுப்போடு நிறுத்திவிட்டேன்; இப்போது 34 வயது. பத்தாம் வகுப்பு முடித்து, பட்டமும் பெற்று, அரசு வேலைக்கு முயல வேண்டும் என்று ஆசை. எது சரியான வழி?

வேலை உங்கள் குறி என்பதால் வழியையும் அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். பதினான்கரை வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதே வரம்பு. அதற்கு மேல் எந்த வயதும் தடையில்லை. பலர் கோட்டைவிடுவது அறிவியல் செய்முறைப் பயிற்சியில்தான். தேர்வுக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே, அறிவிக்கப்படும் காலத்துக்குள் அதற்குத் தனியாகப் பதிவுசெய்து, ஒதுக்கப்பட்ட பள்ளியில் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். அந்த அறிவிப்பு நாளிதழில் சிறு செய்தியாகவே வரும். எனவே மாவட்டத்திலுள்ள அரசுத் தேர்வுகள் சேவை மையத்தில் நேரில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேர்வுக் கட்டணம் உண்டு, சிறு தொகைதான். பாடநூல்கள் இணையத்தில் இலவசம். பள்ளியில் கொடுத்த மாற்றுச் சான்றிதழ் வீட்டில் இருக்கிறதா என்று இன்றே தேடிப் பாருங்கள். தொலைந்திருந்தால் படித்த பள்ளியை அணுகி நகல் பெறக் காலம் பிடிக்கும்.

தேசியத் திறந்தநிலைப் பள்ளி இன்னொரு வழி. 14 வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்புக்குச் சேரலாம். ஐந்தாண்டுக்குள் ஒன்பது வாய்ப்புகளில் பாடம் பாடமாக முடிக்கலாம் என்பது கைக்குழந்தை உள்ளவர்களுக்கும் கடையைக் கவனிப்பவர்களுக்கும் பெரிய வசதி. ஆனால் அங்கே சேர்க்கைக்கும் தேர்வுக்கும் கட்டணம் உண்டு, இலவசமன்று. மாநில அரசுப் பணியை மனத்தில் வைத்திருக்கும் உங்களுக்கு, மாநிலத் தேர்வுத் துறையின் வழியே சிக்கலற்றது என்பது என் கருத்து.

பட்டத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பெற்ற பட்டத்தைத் தமிழ்நாடு அரசுப் பணிக்கு ஏற்பதில்லை என்று 2009-ஆம் ஆண்டு அரசாணை கூறுகிறது. பத்து, பன்னிரண்டு, அதன் பிறகு பட்டம் என்ற வரிசை குலையக் கூடாது. குறுக்குவழியில் பட்டம் வாங்கி, நேர்காணல் வரை போய்த் திரும்பியவர்கள் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள்.

தக்கலை: ஒருவர் ரூ.15,000 கேட்கிறார், தேர்வு எழுதாமலேயே பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வாங்கித் தருவாராம்.

அது போலிச் சான்றிதழ். வாங்குகிறவரும் குற்ற வழக்கில் சிக்குவார்.

குளச்சல்: வளைகுடாவில் 18 ஆண்டு ஏசி மெக்கானிக்காக வேலை பார்த்துவிட்டுத் திரும்பினேன். வயது 46. கையில் சான்றிதழ் எதுவும் இல்லை. ஐடிஐயில் சேர முடியுமா?

நாகர்கோவில் கோணம் பகுதியில் உள்ள அரசு ஐடிஐயில் (தொழிற்பயிற்சி நிலையத்தில்) பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் ரூ.750 உதவித்தொகையும் கிடைக்கும். ஆனால் ஆண்களுக்கு 40 வயது வரையே சேர்க்கை. பெண்களுக்கு மேல் வயது வரம்பில்லை. (இதைப் படிக்கும் பெண்கள் கவனிக்க. 45 வயதுப் பெண்ணும் அரசு ஐடிஐயில் சேரலாம். இது பலருக்கும் தெரிவதில்லை.) கதவு மூடிவிட்டதே என்று நீங்கள் வருந்த வேண்டியதில்லை. வேலை கற்றவருக்கு மறுபடியும் வகுப்பறை எதற்கு? 21 வயது நிறைந்து, தொழிலில் மூன்றாண்டு அனுபவம் உள்ளவர்கள் அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுத வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை அறிவிப்பு வெளியிடுவதுண்டு. எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் இருக்கும், கட்டணம் குறைவு. உங்கள் முதலாளிகள் கொடுத்த அனுபவக் கடிதங்களையும், பழைய கடவுச்சீட்டில் உள்ள விசாப் பக்கங்களையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். செய்முறையில் உங்களைப் போன்றவர்களுக்குத் தடுமாற்றம் இராது. பணிமனைக் கணக்கும் வரைபடமும்தான் இடறும். அதற்கு ஐடிஐ மாணவர்கள் படிக்கும் நூல்களை வாங்கியோ இரவல் பெற்றோ இரண்டு மூன்று மாதம் படியுங்கள்.

வடசேரி: குரூப் 4 தேர்வுக்குத் தனியார் பயிற்சி மையத்தில் பெருந்தொகை கேட்கிறார்கள். வசதியில்லை.

கோணத்தில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்ற பெயரில் போட்டித் தேர்வுகளுக்குக் கட்டணமில்லா வகுப்புகள் நடத்துகிறார்கள். தேர்வு அறிவிப்பு வரும் காலத்தில் போய்ப் பெயர் கொடுங்கள். மாவட்ட மைய நூலகத்தில் உட்கார்ந்து படிக்க உறுப்பினராகக்கூட வேண்டியதில்லை. நூலை வீட்டுக்கு எடுத்துச் செல்வதற்கு மட்டுமே சிறு வைப்புத்தொகையும் சந்தாவும் தேவை. குரூப் 4 தாளில் உள்ள 200 வினாக்களில் 100 தமிழ்ப் பகுதியில் வருகின்றன. அப்பகுதியில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். ஆகவே ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பள்ளித் தமிழ் நூல்களைக் கரைத்துக் குடிப்பதுதான் முதல் வேலை. அதற்கு யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

மேல்புறம்: எங்கள் ஊர்ப் படிப்பகம் பூட்டிக் கிடக்கிறது. நாளிதழ் போடவும் ஆளில்லை. மீண்டும் திறக்க வழியுண்டா?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த பகுதி. அங்கே வளர்ந்த நூலக இயக்கத்தின் சாயல் விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் இன்றும் தெரிகிறது. ஊருக்கு ஒரு படிப்பகம், ஒரு மேசை, இரண்டு பெஞ்சு, நான்கு நாளிதழ் என்ற வழக்கத்தை வெளி மாவட்டத்து நண்பர்கள் வந்து வியந்து பார்த்ததுண்டு.

முதலில் அந்த இடமும் கட்டடமும் யார் பெயரில் உள்ளன என்பதைத் தெளிவுபடுத்துங்கள். ஊர் வகையா, சங்கமா, தனியாரா என்பது தெரியாமல் ஓடு மாற்றினால்கூடப் பின்னால் வழக்கு வரும். பிறகு பத்துப் பேர் சேர்ந்து, 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் அமைப்பைப் பதிவுசெய்யுங்கள். பதிவும் வரவு செலவுக் கணக்கும் இருந்தால்தான் எவரிடமும் உதவி கேட்க முடியும். பொது நூலகத் துறையின் அருகிலுள்ள கிளை நூலகரையும் சந்தியுங்கள். நூலக நண்பர்கள் திட்டத்தில் தன்னார்வலர்கள் நூலகத்திலிருந்து புத்தகங்களை வீடுகளுக்கே எடுத்துச் செல்கிறார்கள். உங்கள் இளைஞர்களில் இரண்டு பேர் அதில் சேர்ந்தால், படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர்களுக்கும் புத்தகம் போய்ச் சேரும். எழுத்தறிவு வகுப்புக்கு இடம் தேடும் தலைமையாசிரியரிடம் ‘எங்கள் படிப்பகத்தில் மாலையில் நடத்துங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். நாளும் பத்துப் பேர் வந்துபோகும் இடத்தை யாரும் பூட்ட மாட்டார்கள்.

அரசு நூலகத்தில் கேட்பதற்கு யாரும் தயங்க வேண்டாம். சொத்து வரியோடு 10 விழுக்காடு நூலக வரியையும் நாம்தான் கட்டுகிறோம். 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம் முதல் இருந்துவரும் ஏற்பாடு அது.

ராஜாக்கமங்கலம்: ஓய்வுபெற்றுவிட்டேன். தேனீ வளர்க்க ஆசை. எங்கே கற்கலாம்?

திருப்பதிசாரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். விவசாயிகளுக்கான பயிற்சிகளை அவ்வப்போது நடத்துகிறார்கள், தேனீ வளர்ப்பும் அவற்றில் ஒன்று. மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. 1920-களில் தொடங்கிவைத்த தொழில் இது. நம் மாவட்டத்தில் தேன் கிடைக்கும் பருவம் ரப்பர் மரம் தளிர்விடும் சனவரி முதல் மார்ச் வரை. பூவிலிருந்து அன்றி, இளந்தளிரின் காம்பில் சுரக்கும் தேனையே தேனீக்கள் பெரும்பாலும் திரட்டுகின்றன. எனவே ஐப்பசி, கார்த்திகைக்குள் கற்று, தேனீப் பெட்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டி வைத்துக்கொள்வதே முறை. பிப்ரவரியில் பெட்டி வாங்குகிறவர் அந்த ஆண்டுத் தேனை மறந்துவிட வேண்டும்.

பத்மநாபபுரம்: பயிற்சி நிலையம் ஒன்றில் சேர்ந்து பாதியில் நின்றுவிட்டேன். என் அசல் சான்றிதழ்களைத் திருப்பித் தர மறுக்கிறார்கள். வழக்கறிஞர் வைக்கப் பணமில்லை.

முதலில் எழுத்தில் கேட்டு, பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பயனில்லையென்றால் நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் வழக்கறிஞர் உதவி இலவசமாகக் கிடைக்கும். 1987-ஆம் ஆண்டுச் சட்டமே அந்த உரிமையைத் தருகிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

ஆசாரிப்பள்ளம்: கிளை நூலகத்துக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போகிறேன், பூட்டியே இருக்கிறது. மூடிவிட்டார்களா?

இல்லை. கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமைதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள்.