இன்குபேட்டர் செட்டிங்கில் 1.618 வைக்கலாமா?

கேள்வி: சென்னிமலை பக்கம் நாட்டுக்கோழி வளர்க்கிறேன். 300 முட்டை பிடிக்கும் இன்குபேட்டரை நானே செய்து, பி.ஐ.டி. கன்ட்ரோலர் (சூட்டை அளந்து ஹீட்டரைக் கூட்டிக் குறைக்கும் கருவி; பி, ஐ, டி என்று மூன்று எண்களை வைக்க வேண்டும்) மாட்டியிருக்கிறேன். 37.5 டிகிரி வைத்தால் 36.9-க்கும் 38.3-க்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. "பின்னூட்டம் (விளைவை அளந்து திருப்பி ஊட்டுவது) உள்ள எல்லாவற்றிலும் பொன் விகிதம் இருக்கிறது, பி-க்கு 1.618 வை, நின்றுவிடும்" என்கிறார் தெரிந்தவர் ஒருவர். வைக்கலாமுங்களா?

பதில்: வேண்டாமுங்க. முட்டை உள்ளே இருக்கும்போது தொடவே தொடாதீர்கள். கொஞ்ச நேரக் குளிரைக்கூடக் கரு தாங்கிவிடும், சூடு மீறினால் தாங்காது.

அவர் சொல்வது முழுக்கக் கட்டுக்கதை இல்லை. கூட்டிச் சேர்க்கும் உறுப்பு ஒன்று, தாமதப்படுத்தும் உறுப்பு ஒன்று, இரண்டின் மதிப்பும் சுற்றின் பெருக்க எண்ணும் 1 என்று வைத்து ஒரு பின்னூட்டச் சுற்றைப் போட்டால், உள்ளே போன அலை அதே உயரத்தில் வெளிவரும் அதிர்வெண்ணின் வர்க்கம் சரியாக 0.618 (1-ஐப் பொன் விகிதத்தால் வகுத்தது) வரும். காகிதத்தில் போட்டுப் பார்க்கும்போது அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பெருக்க எண்ணை மட்டும் 1-லிருந்து 2 ஆக்குங்கள்: விடையில் √5 இருந்த இடத்தில் √17 வந்து உட்காரும், பொன் விகிதம் போய்விடும். எல்லாவற்றையும் நாமே 1 என்று வைத்ததால் வந்த எண் அது. இன்னொன்று, முந்தைய இரண்டு சுற்றின் கூட்டுத்தொகையே அடுத்த சுற்று என்று திருப்பி ஊட்டினால், போகப்போக ஒவ்வொரு சுற்றும் 1.618 மடங்கு பெருகும். அது அடங்கும் கணக்கே இல்லை, வெடிக்கும் கணக்கு!

அப்புறம், பொன் விகிதத்துக்கு அலகு கிடையாது. உங்கள் பி-க்கு உண்டு. பல கன்ட்ரோலர்களில் பி என்பது டிகிரியில் ஒரு பட்டை: அந்த அகலத்துக்குள் வந்ததும் ஹீட்டர் படிப்படியாகக் குறையும். 1.618 செல்சியஸ் பட்டையை ஃபாரன்ஹீட்டில் எழுதினால் 2.91. எந்த எண்ணைப் பொன் என்பது? சில கருவிகளில் பி நேர்மாறாக வேலை செய்யும், எண் கூடினால் வேகம் கூடும். கையேட்டில் அதை முதலில் பாருங்கள்.

குழப்பம் வர ஒரு காரணமும் இருக்கலாம். பி, ஐ, டி எண்களைக் கண்டுபிடிக்க சீக்லர், நிக்கோல்ஸ் இருவரும் 1942-ல் கொடுத்த விதியில் 0.6 வருகிறது. பட்டையாக மாற்றினால், அதாவது 1-ஐ 0.6-ஆல் வகுத்தால், 1.67. பார்ப்பதற்குப் பொன் விகிதம் மாதிரியே இருக்கும். ஆனால் அது சோதனையில் பழகி எடுத்த எண். அதுவும், உங்கள் பெட்டியில் நீங்கள் அளந்த ஒரு மதிப்பைப் பெருக்கத்தான்.

சரி, செய்ய வேண்டியதற்கு வருவோம். முதலில் சென்சார். தகரச் சுவரை ஒட்டியோ தடிமனான குழாய்க்குள்ளோ இருந்தால், காற்று சூடானது அதற்குத் தாமதமாகத்தான் தெரியும். அதற்குள் ஹீட்டர் மிஞ்சிவிடும். முட்டையின் மேல்மட்ட உயரத்தில், ஃபேன் காற்று படும் இடத்தில், நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். ஊசலாட்டத்தில் பாதி இதிலேயே அடங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு முட்டையை எடுத்துவிட்டு, அதே எடைக்குத் தண்ணீர் வையுங்கள். முட்டைக்கு 45 கிராம் என்றால் பதிமூன்றரை கிலோ, அரை லிட்டர் பாட்டில் 27. ஒரு ராத்திரி விட்டு, ஆட்டோ டியூன் (கன்ட்ரோலரே பி, ஐ, டி எண்களைக் கண்டுபிடிக்கும் வசதி) போடுங்கள். அது ஹீட்டரை முழுசாகப் போட்டு, முழுசாக அணைத்து, வேண்டுமென்றே சூட்டை மேலே கீழே ஆட்டி அளக்கும். முட்டையை எடுக்கச் சொன்னது அதற்காகத்தான்.

ஆட்டோ டியூன் இல்லையா? ஐ, டி இரண்டையும் 0 ஆக்கி, பட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்குங்கள். சூட்டின் அலை கூடாமலும் குறையாமலும் ஒரே உயரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும் இடம் வரும். அந்தப் பட்டை 1.2 டிகிரி, ஒரு அலைக்கு 240 வினாடி என்று வைத்துக்கொள்வோம். விதிப்படி பி 2.0, ஐ அலை நேரத்தில் பாதி 120, டி அலை நேரத்தில் எட்டில் ஒன்று 30. ஆனால் இந்த விதி, ஒவ்வொரு அலையும் முந்தியதில் கால்வாசியாகக் குறைந்தால் போதும் என்று போட்டது. கருவுக்கு முதல் அலையே அதிகம். அதனால் பி-யை 3-லிருந்து தொடங்குங்கள்.

உங்கள் பக்கம் விசைத்தறி ஓடும் ஊர்களில் இதையும் பாருங்கள்: பகலில் 210 வோல்ட், தறி நின்ற பிறகு ராத்திரி 240 வந்தால், அதே ஹீட்டர் 30 சதவீதம் கூடுதலாகச் சூடு கொடுக்கும். பகலில் அடங்கியது ராத்திரி ஆடும். சோதனையை வோல்டேஜ் கூடுதலாக இருக்கும் நேரத்திலேயே செய்யுங்கள்.

கடைசியில் கதவை ஒரு நிமிடம் திறந்து மூடி, அடுத்த அரை மணி நேரம் நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். 37.8-ஐத் தாண்டினால் பட்டையை இன்னும் பாதி பங்கு அகலமாக்கி மறுபடி பாருங்கள். தாண்டாமல் வந்து நின்றால் பாட்டிலை எடுத்துவிட்டு முட்டையை அடுக்கலாம்.