கையெழுத்துப் பத்திரிகையை நேர்காணலில் சொல்லலாமா?

சின்ன வயதில் நடத்திய கையெழுத்துப் பத்திரிகையை மக்கள் தொடர்பு வேலைக்கான நேர்காணலில் சொன்னால் சிறுபிள்ளைத்தனமாகத் தெரியுமோ என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் "எழுதப் பிடிக்கும்" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள், அது எல்லோரும் சொல்வது. எந்தச் செய்தியை முதல் பக்கத்தில் போட்டீர்கள், ஏன்? யாராவது தவறைச் சுட்டிக்காட்டியபோது அடுத்த இதழில் திருத்தம் வந்ததா? இந்த வேலையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. 1906-இல் அமெரிக்காவில் ஒரு ரயில் விபத்து நடந்தபோது, எதையும் மறைக்காமல் விவரங்களை நிருபர்களுக்கு எழுதிக் கொடுத்தார் அந்த ரயில் நிறுவனத்தின் மக்கள் தொடர்பைக் கவனித்துவந்த ஐவி லீ. முதல் செய்திக்குறிப்பு என்று பலரும் சொல்வது அதைத்தான். அவரும் முன்பு பத்திரிகையாளர். அப்புறம், ஊடகத் தொடர்பா, நிறுவனத்தின் உள் இதழா, எதில் உங்களுக்கு மனம் போகிறது என்று இப்போதே யோசித்து வையுங்கள். கட்டாயம் கேட்பார்கள். பழைய இதழ் ஒன்று கிடைத்தால் கையோடு எடுத்துப் போங்கள்.