கசகசா போட்ட குருமா சாப்பிட்டால் சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருள் காட்டுமா?

கேட்டவர் சேலத்திலிருந்து துபாய் வேலைக்குக் கிளம்புகிறார். மெடிக்கலுக்கு முந்தின நாள் அக்கா வீட்டு விருந்தாம், குருமாவைத் தொடலாமா என்கிறார். நான் சேலத்தில் ஒரு லேபில் வேலை பார்க்கிறேன்.

காட்ட வாய்ப்பு உண்டு. கசகசா விதைக்குள் போதை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. ஆனால் அது அபினிச் செடியின் விதை. காயைக் கீறினால் வடிகிற பாலில்தான் மார்ஃபினும் கோடீனும் இருக்கின்றன. அறுவடையின்போது அந்தப் பால் கொஞ்சம் விதையின் மேல் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. அதனால் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய இரண்டு பொட்டலத்தில்கூட அளவு ஒன்றாக இருக்காது. நன்றாகக் கழுவி, ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு அரைத்தால் நிறையவே குறையும்.

அடுத்து, லேபில் எந்த அளவுக்கு மேல் போனால் பாசிட்டிவ் என்கிறார்கள் என்பது. முன்பு ஒரு மில்லிலிட்டர் சிறுநீருக்கு 300 நானோகிராம் என்று வைத்திருந்தார்கள். கசகசா சாப்பிட்டவர்களே மாட்டுகிறார்கள் என்பதால் அமெரிக்க அரசு வேலைகளுக்கான பரிசோதனையில் 1998-ல் அதை 2000 ஆக்கினார்கள். வீட்டுக் குருமா அளவுக்கு 2000-ஐத் தாண்டுவது அரிது. ஆனால் 300-க்கான ஸ்ட்ரிப் (சிறுநீர் பட்டால் கோடு காட்டும் பரிசோதனைப் பட்டை) இன்றும் விற்பனையில் இருக்கிறது, அதில் தாண்டலாம்.

அந்த ஸ்ட்ரிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கர்ப்பப் பரிசோதனையைப் பார்த்துப் பழகியவர்கள் இதிலும் இரண்டு கோடு விழுந்ததும் பதறிவிடுகிறார்கள். இங்கே நேர்மாறு. இரண்டு கோடு வந்தால் நெகட்டிவ். ‘டி’ (டெஸ்ட்) என்று போட்ட பக்கத்தில் கோடு மங்கலாகத் தெரிந்தாலும் நெகட்டிவ்தான். அங்கே கோடே இல்லாவிட்டால்தான் பாசிட்டிவ்.

அந்தப் பாசிட்டிவும் முதல் கட்டம் மட்டுமே. ஸ்ட்ரிப் பார்ப்பது மூலக்கூறின் சாயலை. லெவோஃப்ளாக்ஸசின் போன்ற சில ஆன்டிபயாடிக் மாத்திரைகள்கூட அபின் வகை என்று காட்டிவிடும். உறுதி செய்ய ஜிசி-எம்எஸ் கருவிக்கு அனுப்ப வேண்டும். மாதிரியை ஆவியாக்கி, அதிலுள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் உடைத்து எடை பார்த்துப் பெயர் சொல்கிற கருவி அது. மாத்திரையால் வந்த குழப்பம் அங்கே தீர்ந்துவிடும்.

கசகசா விஷயம் அங்கேயும் முழுசாகத் தீராது. குருமாவிலிருந்து வந்த மார்ஃபினும் மார்ஃபின்தான், கருவி அப்படித்தான் சொல்லும். அப்போது கூடவே வேறு என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஹெராயின் உடம்பில் உடையும்போது வருகிற 6-அசிட்டைல்மார்ஃபின் இருந்தால் அது ஹெராயின்தான், குருமாவிலிருந்து அது வரவே வராது. ஆனால் 6-அசிட்டைல்மார்ஃபின் ஒரு நாளுக்குள் உடம்பை விட்டுப் போய்விடும் என்பதால், அது இல்லை என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அபினிச் செடியின் பாலிலேயே இருக்கிற தீபெயின் என்ற இன்னொரு பொருள் இருந்தால் கசகசா சாப்பிட்டேன் என்பவர் சொல்லுக்கு அது வலு சேர்க்கும். இதையெல்லாம் பார்க்காமல், ஸ்ட்ரிப்பில் கோடு வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பையன்களைத் திருப்பி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். கடன் வாங்கி விசாவுக்குப் பணம் கட்டியவர்கள் அவர்கள். அது அநியாயம்.

அதனால் தம்பி, அந்த ஒரு விருந்தில் குருமாவை விட்டுவிடுங்கள். கூடவே முந்தின இரண்டு நாளும் கசகசா வேண்டாம். இருமல் சிரப்பில் கோடீன் இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள். அது உடம்பில் மார்ஃபினாகவே மாறும். சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் சிறுநீர் கொடுப்பதற்கு முன்பே படிவத்தில் எழுதுங்கள், டாக்டர் சீட்டையும் கையில் வைத்திருங்கள். ரிசல்ட் வந்த பிறகு சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். டப்பாவை உங்கள் கண்ணெதிரே சீல் வைத்துக் கையெழுத்து வாங்குகிறார்களா என்றும் பாருங்கள். பாசிட்டிவ் என்றால் ஜிசி-எம்எஸ் செய்யச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

அப்புறம், பெட்டி கட்டும்போது அம்மா வைக்கிற மசாலாப் பொட்டலங்களைப் பிரித்துப் பாருங்கள். நம் நாட்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டமான என்டிபிஎஸ் கசகசா விதைக்கு விலக்கு கொடுத்திருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள்.