ஊழியத்துக்குப் போகிறேன் என்கிற மகள், சீமா படி என்கிற மாமா

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மழை விட்ட கையோடு, கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு குடும்பம் ஆலோசனை கேட்டு வெள்ளவத்தையில் உள்ள என் அறைக்கு வந்தது. அப்பா புறக்கோட்டையில் ஒரு இரும்புக்கடையில் கணக்குப் பார்ப்பவர். அம்மா வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுக்கிறார். மகளுக்குப் பத்தொன்பது வயது. கலைப்பிரிவில் உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறாள்.

"சேர், இவள் மிஷனரியாப் போகப் போறாளாம். நீங்கள்தான் சொல்லித் திருத்தவேணும்" என்றார் அம்மா, கதிரையில் சரியாக உட்காரும் முன்பே.

என்னைத் தேடி வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. நான் சைவக்காரன். சபைக்கு வெளியே உள்ள ஒருவர் பேசினால் பிள்ளையின் மனம் இளகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன், வேதபாட வகுப்பில் தப்பிக்க வழியில்லாமல் பைபிளை இரண்டு தடவை வாசித்தவன் என்பதை அவர்கள் விசாரிக்கவில்லை.

கதை இதுதான். ரொறொன்ரோவில் இருக்கும் தாய்மாமா, பிள்ளை சீமா (CIMA என்கிற முகாமைக் கணக்கியல் படிப்பு) படிக்கவேண்டும், பிறகு லண்டன், பிறகு கனடா என்று பாதை போட்டு வைத்திருக்கிறார். பாதிச் செலவு அவருடையது. மீதிக்குக் கொட்டாஞ்சேனை வீட்டை ஈடு வைக்கலாமாம். இதற்கு நடுவில், சபைக்கு வந்துபோன ஒருவர் வெளிநாட்டில் ஒரு வருட மிஷனரிப் பயிற்சி இருப்பதாகப் பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கட்டணம் டொலரில். மாமா ஒரு பக்கம் இழுக்க, ஊழியக்காரர் மறுபக்கம் இழுக்க, இரண்டு பேரும் கடைசியில் வந்து நின்ற இடம் வீட்டு உறுதிதான்.

முதல் பத்து நிமிடம் நான் வழக்கம்போல ஆறுதல் சொன்னேன். இந்த வயதில் இப்படித்தான், பெறுபேறு வரட்டும், பொறுங்கள் என்றெல்லாம். அப்புறம் அம்மா கைபேசியை எடுத்து மாமாவின் குரல் பதிவைப் போட்டுக் காட்டினார். "ஆர்ட்ஸ் படிச்சவையெல்லாம் ரோட்டில நிக்கினம், தெரியாதோ?" அதோடு ஆறுதலை நிறுத்திவிட்டேன்.

சீமா கெட்ட படிப்பு இல்லை. கணக்கில் ருசி உள்ள பிள்ளைக்கு அது நல்ல வழி. இந்தப் பிள்ளை சாதாரண தரத்தில் கணிதத்தை ஒரு சாதாரண சித்தியோடு ஒப்பேற்றியவள். அப்பாவின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தாலே கொட்டாவி விடுகிறாள் என்று அப்பாவே சொல்கிறார். பரீட்சையில் தவறத் தவற மறுபடி மறுபடி கட்டணம் கட்டவேண்டிய ஒரு படிப்புக்கு, விருப்பமில்லாத ஒருத்தியை, ஈடு வைத்த வீட்டின் காசில் அனுப்புவதா? மாமா ரொறொன்ரோவில் இருந்துவிடுவார். தவணை கட்டப்போவது புறக்கோட்டையில் நிற்கும் இந்த மனிதர். இதை அப்படியே சொன்னேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

பிறகு பிள்ளையின் பக்கம் திரும்பினேன். "மகள், எந்த நாட்டுக்குப் போகப் போறீங்கள்?"

"ஆபிரிக்கா... இல்லாட்டிக் கர்த்தர் காட்டுற இடம்."

"அங்கே போய்?"

பதில் இல்லை. "சகல ஜாதிகளையும் சீஷராக்கி" என்ற மத்தேயு வசனத்தை மட்டும் ஒப்புவித்தாள்.

அந்த வசனம் இருக்கிறது, சரி. அதே வேதாகமத்தில் வேறு காரியங்களும் இருக்கின்றன. அப்போஸ்தலர் முதலாம் அதிகாரத்தில் சொல்லப்படும் வரிசை எருசலேமில் தொடங்கி யூதேயா, சமாரியா என்று போய்த்தான் பூமியின் கடைசிக்கு வருகிறது. மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில் பிசாசு நீங்கிய மனிதன் "நானும் கூட வருகிறேன்" என்று படகடியில் கெஞ்சுகிறான். இயேசு அவனை ஏற்றவில்லை. உன் வீட்டுக்குப் போய் உன் ஆட்களிடம் சொல் என்று திருப்பி அனுப்புகிறார். பர்னபாவும் சவுலும் (பின்னாளில் பவுல்) அந்தியோகியாவில் தாங்களாகப் பெட்டி கட்டவில்லை. அவர்களை நன்றாக அறிந்த சபை உபவாசித்து, கைவைத்து அனுப்பியது. அனுப்புவதற்கு அந்தியோகியா சபை அவர்களிடம் டொலரில் கட்டணம் வாங்கியதாக நான் எங்கும் வாசிக்கவில்லை. அப்பா அந்த இடத்தில் சிரித்துவிட்டார்.

பெற்றோருக்கும் ஒரு விஷயம் தெரியவேண்டும். பல மிஷனரி அமைப்புகள் சம்பளம் தருவதில்லை. போகிறவர் தன்னைத் தாங்கக்கூடிய சபைகளையும் நண்பர்களையும் தானே சேர்த்துக்கொண்டு போகவேண்டும். சேராவிட்டால் திரும்பி வரவேண்டும். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று லூக்கா பதினான்கில் இருக்கிறதே, அது உவமை மட்டும் இல்லை, வீட்டு உறுதிக்கும் பொருந்தும். பிள்ளைக்கும் ஒன்று சொன்னேன். தாய் தகப்பனுக்குச் செய்யவேண்டியதைக் "கொர்பான்", அதாவது கடவுளுக்குக் கொடுத்தாயிற்று, என்று சொல்லித் தட்டிக் கழிப்பவர்களை இயேசு மாற்கு ஏழில் கடுமையாகவே கண்டிக்கிறார். ஊழியம் என்ற பெயரில் அப்பாவைக் கடனாளியாக்க உனக்கு அனுமதி இல்லை.

இறையியல் கல்லூரி, வேதாகமப் பாடசாலை, தாதியர் பயிற்சி இவற்றைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. அவை எல்லாருக்கும் தெரிந்த பாதைகள், உங்கள் போதகரே சொல்லுவார்.

எனக்கு இந்தப் பிள்ளை விடுமுறையில் என்ன செய்கிறாள் என்று தெரியவேண்டியிருந்தது. யாரும் சொல்லாமல் ஒரு பிள்ளை எதைச் செய்கிறதோ அதில்தான் நான் கண் வைப்பேன். கேட்டேன். கொஞ்சம் வெட்கப்பட்டுப் பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்தாள்.

அவளுடைய அம்மம்மா வீடு கொம்பனித்தெருவில். பக்கத்து வீட்டில் ஒரு மலாய் அன்ரி. அன்ரி பேசுவதைச் சின்ன வயதிலிருந்து கேட்டு, சொல் சொல்லாகத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள். நாற்பது, ஐம்பது பக்கம் இருக்கும். சில எழுத்துகளின் கீழே சிவப்புப் புள்ளி.

"இது என்ன புள்ளி?"

"அன்ரி தன்னைச் சொல்லேக்க 'கோ' என்பா, சேர். கோவாவில வாற கோ. கோவிலில வாற கோ இல்லை. தமிழில ரெண்டுக்கும் ஒரே எழுத்து. அதான் புள்ளி போட்டனான்."

பிறகு தானாகவே இன்னொன்று சொன்னாள். அன்ரியின் சொற்கள் மலாய், ஆனால் வசனம் நம்முடைய வசனம் மாதிரியே வினையில் போய் முடிகிறதாம். இலங்கை மலாய் தமிழோடும் சிங்களத்தோடும் நூற்றாண்டுக்கணக்கில் பழகி இலக்கணத்தையே மாற்றிக்கொண்ட மொழி என்று மொழியியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள். இந்தப் பிள்ளை ஒருவரும் சொல்லித்தராமல் அதைக் கண்டுபிடித்திருக்கிறாள். (அன்ரி முஸ்லிம். சொல் கேட்கப் போகிற வீட்டில் ஆள் பிடிக்கக்கூடாது என்றேன். "நான் அப்பிடிச் செய்ய மாட்டன் சேர்" என்று முகம் சிவந்தாள். நல்லது.)

வேதாகம மொழிபெயர்ப்பு என்று ஒரு வேலை உலகத்தில் உண்டு. எங்கள் குடும்பங்களில் யாரும் அதைத் தொழிலாக நினைப்பதில்லை. உலகத்தில் ஏறக்குறைய 7,000 மொழிகள் பேசப்படுகின்றன. முழு வேதாகமம் இருப்பது அவற்றில் 700 சொச்சத்தில்தான். பல மொழிகளுக்கு எழுத்தே கிடையாது. அங்கே போகிறவருடைய முதல் வேலை பிரசங்கம் இல்லை, காது கொடுப்பது. எந்த ஒலி மாறினால் பொருள் மாறுகிறது, எது மாறினாலும் பொருள் மாறாது என்று பிரித்து எடுக்கவேண்டும். பிறகு எழுத்து. பக்கத்து மொழியின் எழுத்தைக் கடன் வாங்குவதா, எங்கே புள்ளி வைப்பது, அந்த ஊர்க்காரர்கள் அதை ஏற்பார்களா? சிவப்புப் பேனையோடு இந்தப் பிள்ளை செய்தது அந்த வேலையின் முதல் படிதான்.

அகராதி, இலக்கணம் எல்லாம் கூடவே வளரும். அதற்கப்புறம்தான் மொழிபெயர்ப்பு. அதில் உள்ள கஷ்டத்தைக் காட்ட அவளுக்கு ஒரு இடம் எடுத்துக் கொடுத்தேன். புயலில் படகு அமிழப் போகிறது, இயேசு தூங்குகிறார். சீஷர்கள் எழுப்பி, "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்கிறார்கள். மாற்கு நான்கு. கிரேக்க மூலத்தில் நாம், நாங்கள் என்ற வித்தியாசம் இல்லை. சிங்களத்திலும் இல்லை, இரண்டுக்கும் ஒரே 'அபி'. தமிழில் மொழிபெயர்ப்பவர் ஒன்றைத் தெரிவு செய்தே ஆகவேண்டும். இயேசுவும் அதே படகில்தான் இருக்கிறார். அப்படியானால் "நாம்" என்று வரவேண்டாமா? "நாங்கள்" என்று சொன்னால், நீர் சாகமாட்டீர், நாங்கள்தான் சாவோம் என்று நினைத்தார்களா?

பிள்ளை அன்றைக்கு முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஐந்து நிமிடம் என்னோடு வாதாடினாள். அந்த ஐந்து நிமிடமும் அம்மா கைபேசியைப் பார்க்கவில்லை.

எழுதி முடித்தாலும் வேலை முடியாது. அந்த மொழிக்காரர்களுக்கு வாசித்துக் காட்டி, கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். மூலத்தைப் பார்க்காத ஒருவர் அதை வேறொரு மொழிக்குத் திரும்ப மொழிபெயர்ப்பார். கிரேக்கமும் எபிரேயமும் தெரிந்த ஆலோசகர் வந்து வசனம் வசனமாகக் குடைவார். 'பாராடெக்ஸ்ட்' என்று இதற்கென்றே ஒரு கணினி மென்பொருள் இருக்கிறது. புதிய ஏற்பாட்டுக்கு மட்டும் பத்து வருடத்துக்கு மேல் போன மொழிகள் உண்டு. இப்போது அந்தந்த மொழிக்காரர்களே எழுதுகிறார்கள், வெளியிலிருந்து போகிறவர் பயிற்றுவிப்பவராக, சரிபார்ப்பவராக இருக்கிறார். ஆகவே கூடாரம் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போகும் கனவு இருந்தால் அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது.

இது வெள்ளைக்காரர் வேலை என்று அப்பா நினைத்தார். அப்படி இல்லை. 1759இல் கொழும்பில் ஒரு தமிழ் புதிய ஏற்பாடு அச்சானது. மொழிபெயர்த்தவர் பிலிப்பு டி மெல்லோ, இந்த நாட்டவர். 2015இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் புனிதராக அறிவித்த யோசப் வாஸ் அடிகளார் கோவாவிலிருந்து வந்தவர். அவருக்குப் பின் அங்கிருந்தே வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் எழுதி, அகராதிகளும் தொகுத்தார். எங்கள் ஆறுமுக நாவலர் இளவயதில் பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து உழைத்த தமிழ் வேதாகமம் 1850இல் வெளிவந்தது. சைவக்காரனாகிய நான் இதை அம்மாவிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

சரி, சோற்றுக்கு என்ன வழி? மாமாவின் கேள்வி நியாயமானது. வெறும் கலைப்பட்டம் மட்டும் என்றால் அவர் சொன்ன ரோடு உண்மைதான். நான் சொல்வது மொழியியல் அல்லது மொழிபெயர்ப்பியல். களனிப் பல்கலைக்கழகத்தில் மொழியியலுக்கென்றே துறை இருக்கிறது. மொழிபெயர்ப்பியல் களனியிலும் யாழ்ப்பாணத்திலும் உண்டு. அரச பல்கலைக்கழகம், கட்டணம் இல்லை, தகுதி இருந்தால் மகாபொல உதவித்தொகையும் கிடைக்கும். கொட்டாஞ்சேனையில் வளர்ந்த இந்தப் பிள்ளை சிங்களம் பேசினால் தமிழ்ப்பிள்ளை என்று யாருக்கும் தெரியாது. 1987இல் தமிழும் அரச கரும மொழியானது. இன்றைக்கும் தனிச் சிங்களத்தில் வந்த கடிதத்தை வைத்துக்கொண்டு யாரிடம் வாசிக்கக் கொடுப்பது என்று முழிக்கும் வீடுகளை நான் மாதம் தோறும் பார்க்கிறேன். இரண்டு மொழியும் எழுதத் தெரிந்தவருக்கு அரசாங்க மொழிபெயர்ப்பாளர் சேவை இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகப் பதிந்துகொண்டு வீட்டிலிருந்தே உழைக்கலாம். பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா வீட்டில் கூடாரம் தைத்துச் சாப்பிட்டார். இவளுக்கு மொழிபெயர்ப்புத்தான் கூடாரத் தொழில். இருபத்தைந்து வயதில் கையில் பட்டமும் உழைப்பும் இருக்கும்போது அழைப்பும் அப்படியே இருந்தால், அவளை அறிந்த சபை அனுப்பட்டும். அப்போது வேண்டாம் என்று சொல்ல மாமாவிடமும் காரணம் இருக்காது, அம்மாவிடமும் இருக்காது. அழைப்பு மாறிப்போனாலும் வீடு வீடாகவே இருக்கும்.

அம்மா விடவில்லை. "கலியாணம் சேர்?" என்றார். அதற்கு நான் ஆள் இல்லை என்றேன்.

மூன்று வேலை கொடுத்து அனுப்பினேன். பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டை அப்பாவும் மகளும் சேர்ந்து வாசிக்கவேண்டும். சில பாடநெறிகளுக்குத் தனியாகத் தகுதிகாண் பரீட்சை உண்டு, அதன் திகதியைத் தவறவிட்டால் ஒரு வருடம் போய்விடும். காலி வீதியில் இருக்கும் இலங்கை வேதாகமச் சங்கத்துக்கு (1812இல் தொடங்கியது) ஒரு நாள் போய், அங்கே உள்ளவர்களிடம் இந்த வேலையைப் பற்றி நேராகக் கேட்கவேண்டும். வீட்டு உறுதி அலுமாரியை விட்டு வெளியே வரக்கூடாது. மூன்றாவதை இரண்டு தடவை சொன்னேன்.

கிழமை ஒன்று கழித்து அம்மா போன் எடுத்தார். மாமா இன்னும் சீமாவில்தான் நிற்கிறாராம். "ஆனா சேர், அந்தப் படகு விஷயத்தை இவள் குடும்ப வாட்ஸ்அப்பில போட்டிட்டாள். 'நாங்கள்'தான் சரியாம், பழைய வேதாகமத்தில பிழை இருக்காதாம் எண்டு அண்ணா ராத்திரி ஒரு மணிக்கும் குரல் அனுப்பிறார்."

"நீங்கள் என்ன சொன்னீங்கள், அம்மா?"

"எனக்கு 'நாம்'தான் சேர்" என்றார்.