முகூர்த்தத்துக்காக இமையைப் பிரிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. வலது கீழ் இமையில் வந்த கட்டிக்கு, கண்கட்டி என்றே ஓராண்டு மருந்து போட்டார்கள். பிறகு பயாப்சியில் புற்றுநோய் என்று தெரிந்து அகற்றினார்கள். மேல் இமையின் உள்திசுவை இறக்கிப் புது இமை அமைத்திருப்பதால் அந்தக் கண் மூடியே இருக்கிறது. ஐந்தாவது வாரம் பிரிப்பார்களாம். மூன்றாவது வாரத்தில் மகள் கல்யாணம். முன்னதாகப் பிரிக்கச் சொல்லலாமா? இப்படியே மேடையில் நிற்கக் கூச்சமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம், பெரம்பூர், சென்னை-11

பதில்: கல்யாணத் தேதியை மருத்துவரிடம் சொல்லுங்கள், வற்புறுத்தாதீர்கள்.

இமை வெறும் தோல் அல்ல. வெளியே தோலும் தசையும். உள்ளே விறைப்பான தகடும், கண்ணை உரசாத வழவழப்பான சவ்வும். அந்தத் தகடு மேல் இமையில் சுமார் 10 மில்லிமீட்டர் உயரம், கீழ் இமையில் நாலே மில்லிமீட்டர். இருக்கிறவளிடம்தானே கடன் கேட்க முடியும்? வெளிப்பக்கத்துக்குப் பெரும்பாலும் காதுக்குப் பின்னாலிருந்து தோல் எடுத்து ஒட்டுவார்கள். ஒட்டிய தோலுக்குச் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது. கண்ணின் குறுக்கே இறங்கும் அந்தத் திசுப் பாலம்தான் இப்போது அதற்குச் சோறு போடுகிறது. 1937-இல் அமெரிக்க மருத்துவர் வெண்டல் ஹியூஸ் விவரித்த முறை இது. இரண்டு மூன்று வாரத்திலேயே பிரிப்பவர்களும் உண்டு. ஆனால் அது திசுவைப் பார்த்து எடுக்கும் முடிவு. கல்யாணப் பத்திரிகையைப் பார்த்து அல்ல, இந்தப் பத்திரிகையைப் பார்த்தும் அல்ல.

ஒற்றைக் கண்ணில் தூரம் பிடிபடாது. காபி ஊற்றும்போது டம்ளர் விளிம்பை டபராவில் முட்ட வைத்து ஊற்றுங்கள். மண்டபப் படியில் வலப் பக்கம் ஒருவர் கை கொடுக்கட்டும். ஹோமப் புகைக்கும் பறந்து வரும் அட்சதைக்கும் தள்ளியே இருங்கள். நீர் வடிந்தால் முந்தானையால் துடைக்காதீர்கள். ரத்தம் கசிந்தாலோ வலி கூடினாலோ ஆபரேஷன் செய்த இடத்துக்கு உடனே போங்கள். அது தொலைவென்றால் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான்.

புது இமையில் முடி முளைக்காது. கீழ் இமை என்பதால் நீங்களாகச் சொன்னாலொழிய யாரும் கவனிக்க மாட்டார்கள்.

எனக்குக் கவலை வேறு. கட்டியின் ஓரங்களில் நோய் மிச்சமில்லை என்று அறிக்கை சொல்கிறதா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. இமையின் எண்ணெய்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய் நம் நாட்டில் அரிதல்ல. கண்கட்டி வேடத்திலேயே வரும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் கட்டியைப் பயாப்சிக்கு அனுப்பாமல் ஓராண்டு சொட்டு மருந்து எழுதியதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அறிக்கையின் நகலை வாங்கி வையுங்கள். ஒவ்வொரு பரிசோதனையிலும் காதுக்கு முன்புறமும் கழுத்திலும் நெறிக்கட்டு இருக்கிறதா என்று தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மேடையில் மகளுக்கு இடப் பக்கம் நின்று, அவளைப் பார்த்தபடி திரும்புங்கள். கேமராவில் உங்கள் இடது கண்தான் விழும்.