எல்லா நம்பிக்கையினரும் வரும் சபையில் கிறிஸ்துமஸுக்கு என்ன தனிப்பாடல் பாடலாம்?

சிங்கப்பூரில் பல மதத்தவரும் மதமில்லாதவரும் கூடும் சபையில் டிசம்பரில் தனியாகப் பாட வேண்டும், யார் மனமும் கோணக்கூடாது, ஆனால் பாட்டு உப்புச்சப்பில்லாமலும் இருக்கக்கூடாது என்கிறீர்கள். மத வாசனையே இல்லாத பனிப்பாட்டுகளுக்குத் தாவிவிடாதீர்கள். அவை ஆர்ச்சர்ட் ரோடு கடைகளில் நவம்பரிலேயே காதைத் துளைத்துவிடும்.

என் முதல் தேர்வு ‘இட் கேம் அபான் த மிட்நைட் கிளியர்’. 1849இல் இதை எழுதிய எட்மண்ட் சியர்ஸ் ஒரு யூனிடேரியன் போதகர், அதாவது திரித்துவத்தை ஏற்காமல் கடவுள் ஒருவரே என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். இயேசு பிறந்த கதையை விவரிக்காமல், சண்டையை விட்டு அமைதியின் பாட்டைக் கேளுங்கள் என்று மனிதர்களிடம் சொல்கிறது. அமெரிக்காவில் ஒரு மெட்டு, இங்கிலாந்தில் வேறு மெட்டு. பியானோ வாசிப்பவரிடம் எது என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

‘ஓ ஹோலி நைட்’ முழுக்க இயேசுவைப் பற்றியதுதான். ஆனாலும் ஆங்கிலத்தில் அதன் மூன்றாம் சரணம், அடிமையும் நம் சகோதரனே என்கிறது. பலர் விட்டுவிடும் அந்தச் சரணத்தைத்தான் உங்கள் சபையில் பாட வேண்டும். உச்சத்தில் குரல் எட்டாவிட்டால் சுருதியைக் குறைத்துக்கொள்ளுங்கள், வெட்கமில்லை.

அப்புறம் தமிழில் ஒன்று வேண்டாமா? மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்’ பெயரிலேயே உங்களுக்கானது. கத்தோலிக்கரான அவர், எந்தச் சமயத்தாரும் பாடும்படி எழுதியவை. நீளமானவற்றில் பல்லவியும் ஒரு சரணமும் போதும். தமிழ் தெரியாதவர்களுக்கு, பாடுமுன் இரண்டு வரியில் பொருள் சொல்லிவிடுங்கள்.