கொழிப்பது யார்?

கேள்வி: காபி விலை கண்மண் தெரியாமல் ஏறியிருக்கிறது. பனாமாவில் ஒரு கிலோ காபிக்கொட்டை 30,000 டாலருக்கு ஏலம் போனதாகச் செய்தி வேறு. விளைவிக்கிறவர் கொழிக்கிறார், சந்தைச் சூதாடி கொழிக்கிறார், குடிக்கிறவன் மட்டும் ஏமாளி. இதுதானே உண்மை? – ஒரு காபி அடிமை

பதில்: அடிமை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். எஜமானைப் பற்றி இன்னும் கொஞ்சம் விசாரித்துவிட்டுக் கோபப்பட்டிருக்கலாம்.

பனாமாவிலிருந்தே தொடங்குவோம். எஸ்மரால்டா தோட்டத்தின் கெய்ஷா ரகம் 2025 ஆகஸ்டில் கிலோ 30,204 டாலருக்கு ஏலம் போனது உண்மைதான். விற்றது எத்தனை கிலோ என்று பார்த்தீர்களா? இருபது. காபி வணிகத்தில் ஒரு மூட்டை என்பது 60 கிலோ. இது மூட்டையில் மூன்றில் ஒரு பங்கு. இதை வைத்துக்கொண்டு காபி விவசாயி கொழிக்கிறார் என்பது, வைரத்தின் விலையைக் கேட்டுவிட்டுக் கரி வியாபாரியின் சொத்தை மதிப்பிடுவது போல. (கெய்ஷாவுக்கும் ஜப்பானிய நடன மங்கையருக்கும் சம்பந்தமில்லை. அது எத்தியோப்பியாவில் உள்ள ஓர் ஊரின் பெயர். விலையைக் கேட்டு மயங்குகிறவர்கள் பெயரைக் கேட்டும் மயங்குவதால் சொல்கிறேன்.)

மற்ற காபியின் கதைக்கு வருவோம். காபிச் செடி அவசரக்காரர்களுக்கானது அல்ல. நட்ட பிறகு மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். காய்ந்த மாதங்களுக்குப் பிறகு ஒரு நல்ல மழை விழுந்தால்தான் பூக்கும். அந்த வெள்ளைப் பூக்களும் இரண்டு மூன்று நாளில் உதிர்ந்துவிடும். அந்த நாட்களில் வானம் ஏமாற்றினால் அந்த ஆண்டுக் கணக்கு முடிந்தது. தப்பிப் பிழைத்த பிஞ்சு பழுக்க எட்டு ஒன்பது மாதம். அப்போதும் ஒரே கொப்பில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் அடுத்தடுத்து இருக்கும். நல்ல காபி வேண்டுமென்றால் சிவப்பை மட்டும் விரலால் தேடிப் பறிக்க வேண்டும். பத்து நாள் கழித்து அதே செடிக்குத் திரும்பி வர வேண்டும். அப்படிப் பறித்த பழம் ஐந்தாறு கிலோ சேர்ந்தால் ஒரு கிலோ பச்சைக் கொட்டை தேறும்.

இப்படிப்பட்ட செடிக்கு என்ன நேர்ந்தது? உலகக் காபியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விளைவிக்கும் பிரேசிலில் 2021 ஜூலையில் உறைபனி விழுந்து, இலைகள் தீயில் வாட்டியதுபோல் கருகின. அடியோடு வெட்டிவிட்ட செடிகள் மீண்டும் காய்க்கவே ஆண்டுகள் ஆயின. தேறி வருவதற்குள் 2024இல் கடும் வறட்சி. ரொபஸ்டா என்ற காபி வகைக்குப் பேர்போன வியட்நாமிலும் அந்தச் சமயத்தில் மழை பொய்த்தது. போதாததற்கு, சீனாவில் துரியன் பழத்துக்குக் கிராக்கி என்பதால் பலர் காபியை வெட்டிவிட்டு அதை நட்டிருந்தார்கள். இந்த இரண்டு நாடுகளும் சேர்ந்தால் உலகக் காபியில் பாதிக்கு மேல். இரண்டு தூணும் ஒன்றாக ஆடினால் கூரை நிற்குமா? 2025 பிப்ரவரியில் பின்னால் கைமாறும் சரக்குக்கு இப்போதே விலை பேசும் நியூயார்க் முன்பேரச் சந்தையில், அரபிகா என்ற இன்னொரு வகைக் காபி ஒரு பவுண்டு (அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு) நான்கு டாலரைத் தாண்டியது.

சூதாடிகள் அங்கே இல்லாமல் இல்லை. எரிகிற வீட்டுக்கு விசிறி வீசுவார்கள். ஆனால் பிரேசிலில் மழையை நிறுத்தியது அவர்கள் அல்லவே.

விலை உச்சத்தில் இருந்தபோது பல விவசாயிகளிடம் விற்கக் கொட்டை இல்லை என்பதுதான் இதில் கொடுமை. வியட்நாமில் பலர் பழைய விலைக்கு முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிட்டு, பிறகு கைபிசைந்தார்கள். சிலர் வாக்கையே மீறினார்கள். சரக்கு கையிலிருந்து நல்ல விலை பார்த்தவர்களும் உண்டு, மறுக்கவில்லை. அவர்கள்மீது எனக்குப் பொறாமை வரவில்லை. ஏனென்றால் 2019இல் இதே அரபிகா பவுண்டு ஒரு டாலருக்கும் கீழே கிடந்தது. 2001இல் ஐம்பது சென்ட்டுக்கும் கீழே. 1962 முதல் நாடுகள் தங்களுக்குள் ஏற்றுமதி அளவைப் பங்கிட்டுக்கொண்ட ஓர் ஒப்பந்தம் இருந்தது. 1989இல் அந்தப் பங்கீடு உடைந்ததும் விலை சரிந்து, மத்திய அமெரிக்காவில் தோட்டத்தைப் போட்டுவிட்டு ஊரைவிட்டே போனவர்கள் ஏராளம். அந்த ஆண்டுகளில் எல்லாம் நீங்கள் எனக்குக் கேள்வி அனுப்பவில்லை. மலிவாகக் குடித்துக்கொண்டிருந்தீர்கள்.

அரசுகளின் பங்கையும் விட்டுவிடக் கூடாது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா பிரேசில் காபிக்கு 50 சதவீத வரி போட்டது. உள்நாட்டு விளைச்சலைக் காப்பாற்றவா? ஹவாயையும் போர்ட்டோ ரிக்கோவையும் விட்டால் அவர்களிடம் காப்பாற்றச் சொல்லிக்கொள்ளும்படி காபித் தோட்டமே கிடையாது! சொந்த மக்களின் கோப்பைக்குத் தாங்களே அபராதம் போட்டுவிட்டு, நவம்பரில் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியமோ, 2020க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த காபி வேண்டாம் என்று சட்டம் செய்துவிட்டு, அமலாக்கத்தை இரண்டு முறை தள்ளிப் போட்டிருக்கிறது. நோக்கம் நல்லது. ஆனால் காபி எந்த நிலத்தில் விளைந்தது என்பதை இடக்குறிப்போடு காட்ட வேண்டும்; இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரும் இதற்கு விலக்கல்ல. அந்தச் செலவு யார் தலையில் என்பதை மட்டும் யாரும் தெளிவாகச் சொல்வதில்லை.

சரி, குடிக்கிறவன் ஏமாளியா? ஒரு விஷயத்தில், ஆம். 2025 பிப்ரவரியில் நான்கு டாலரைத் தாண்டிய அதே அரபிகா, அந்த ஆண்டு ஜூலையில் மூன்று டாலருக்குக் கீழே இறங்கியது. நீங்கள் வாங்கும் பொட்டலத்தில் அது தெரிந்ததா? ஏறும்போது படி தாவி ஓடுகிற விலைக்கு, இறங்கும்போது மட்டும் முழங்கால் வலி வந்துவிடுகிறது. கேட்டால், 'அதிக விலைக்கு வாங்கிய இருப்பு இன்னும் தீரவில்லை' என்பார்கள். விலை ஏறிய அன்று அவர்களிடம் மலிவாக வாங்கிய இருப்பு இருக்கவில்லையா என்ன? அடுத்த கேள்வியை எனக்கு அனுப்பாமல், பொட்டலத்தின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் முகவரிக்கு அனுப்பிப் பாருங்கள். பதில் வந்தால் இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.